142 தெரியும், 0.2 தெரியுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் காலை டீயோடு பேப்பரை விரிப்பவர்களுக்குத் தலைப்புச் செய்தி எதுவானாலும், கண் போய் நிற்கும் இடம் ஒன்றுண்டு: பெரியாறு அணையின் நீர்மட்டம். இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. 1979இல் மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டதும், 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்ததும், அணையின் முழு மட்டம் 152 என்பதும் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அத்துபடி. அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீரின் அளவுக்காக இவ்வளவு பேசிய, வழக்காடிய, மறியல் செய்த இன்னொரு பகுதியைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதே டீக்கடையில் 0.2 என்றால் என்ன என்று கேட்டால் பதில் வராது.

குடிநீருக்கான இந்தியத் தர விதியில் (ஐ.எஸ். 10500, 2012) இருக்கும் எண் அது. கிருமி நீக்கம் செய்து அனுப்பும் தண்ணீர் வீட்டுக் குழாயில் விழும்போது, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் அதில் மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் என்பதுதான் முக்கியம். தொட்டியில் எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள் என்பது வேறு கணக்கு. புதிதாகப் பிரித்த மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டை வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் வீரியம் போய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சும். போட்ட மருந்தில் ஒரு பங்கைத் தண்ணீரில் உள்ள சேறும் தழையும் தின்றுவிடும். கலந்த பிறகு அரை மணி நேரமாவது விட வேண்டும். இத்தனையும் தாண்டி, கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் 0.2 இருக்கிறது என்றால், வழியில் புகுந்த கிருமியைக் கொல்லவும் மருந்து மிஞ்சியிருந்தது என்று அர்த்தம். ஒன்றுமே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: மருந்து போதவில்லை, அல்லது வழியில் எதுவோ புகுந்து அதைத் தின்றிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். சுகாதார ஆய்வாளர்கள் கையில் குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும்; பக்கத்தில் உள்ள நிற அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

மக்கள் தரப்பிலும் ஒரு கோணல் உண்டு. லேசாக வாடை வந்தால் போதும், "மருந்து வாடை அடிக்குது, குடிக்க முடியலை" என்று வார்டு கவுன்சிலருக்குப் போன் போகும். தண்ணீர் திறந்துவிடுகிறவர் அடுத்த நாள் மருந்தைக் குறைப்பார், வாடையும் நிற்கும், புகாரும் நிற்கும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற கதைதான் இது. அளவோடு வருகிற அந்த வாடை நல்ல சேதி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சரி, தொட்டியில் சுத்தமாக இருந்த தண்ணீர் வழியில் எப்படிக் கெடுகிறது? 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 68 ஆயிரம் பேர் இருந்த கம்பம் போன்ற ஒரு நகராட்சியின் எந்தத் தெருவிலும் நின்று கீழே பார்த்தால் போதும். வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடையைக் குறுக்கே கடந்துதான் வாசலுக்கு வருகிறது. பல இடங்களில் சாக்கடை நீருக்குள் முங்கியே கிடக்கிறது. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர சாக்கடை உள்ளே வராது. திறப்பை நிறுத்தியதும் நிலைமை தலைகீழ். குழாய் காலியாகும்போது வெளியே நிற்பதை உள்ளே இழுக்கும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வரும் கலங்கல் தண்ணீர் அதுதான். வீட்டுப் பெண்கள் முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிட்டுப் பிடிப்பது ஏதோ பழக்கதோஷம் என்று நினைக்கக் கூடாது. அனுபவம் கற்றுக்கொடுத்த பாதுகாப்பு அது. இதோடு, குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிற வீடு தெருவுக்கு நாலு இருக்கும். தண்ணீர் வருகிற நேரத்திலேயே அழுத்தத்தை இறக்கி, அண்டை வீட்டுக்கும் சேர்த்துச் சாக்கடையை அழைத்து வருகிற புண்ணியம் அவர்களைச் சேரும்.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் ஒரே ஊரின் ஒரு பகுதிக்கு 24 மணி நேரமும், மற்ற பகுதிகளுக்குச் சில நாளுக்கு ஒருமுறையும் தண்ணீர் விட்டார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எமிலி கும்பெலும் காரா நெல்சனும் இரண்டு பகுதிக் குழாய்களையும் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து தண்ணீர் வந்த பகுதியில் மலக்கிருமியான ஈ.கோலை நூறு மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை என்கிற அளவுக்கு அரிது. விட்டுவிட்டு வந்த பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாதிரியில் இருந்தது. ஊர் அதே ஊர். தண்ணீரை விடும் முறைதான் வேறு.

விளைவு எதுவரை போகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். குழாய்த் தண்ணீரில் கழிவு கலந்ததே காரணம் என்று மக்கள் சொன்னார்கள். தண்ணீர் காரணமில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. 2025 டிசம்பர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், பாகீரத்புரா பகுதியில் குடிநீர்க் குழாயில் கழிவு கலந்து பலர் இறந்தார்கள். இந்தியாவின் தூய்மையான நகரம் என்று தொடர்ந்து எட்டு முறை பட்டம் வாங்கிய ஊர் அது. தெருவைப் பெருக்குவதற்குத் தரப்பட்ட பட்டம் மண்ணுக்கு அடியில் ஓடும் குழாயைப் பார்த்துத் தரப்பட்டதல்ல.

பல்லாவரத்தில் கவனிக்க வேண்டியது சாவுக்குப் பின் நடந்த வாக்குவாதம். ஆளுக்கொரு காரணம் சொல்ல முடிந்தது ஏன்? அந்தத் தெருக் குழாயில் முந்தின நாள், அதற்கு முந்தின நாள் என்ன அளவு குளோரின் இருந்தது என்று ஊரே பார்த்திருக்கிற ஒரு பதிவு இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் வாதமே வேண்டியிருக்காது; ஒருவேளை சாவும் நடந்திருக்காது, அளவு விழுந்த அன்றே யாராவது கேட்டிருப்பார்கள்.

இந்த நம்பிக்கைக் குறைவில்தான் கேன் தண்ணீர் வியாபாரம் நடக்கிறது. வசதி உள்ள வீட்டில் ஆர்.ஓ. கருவி, இல்லாத வீட்டில் வாரம் இரண்டு மூன்று கேன். வியாபாரிகள் காட்டும் வேடிக்கை பலருக்குத் தெரிந்ததே: இரண்டு டம்ளரில் கம்பி விட்டுக் கரண்ட் கொடுத்தால் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, இரும்புக் கம்பி கரைகிறது, அவ்வளவுதான். அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டி.டி.எஸ். மீட்டரும் அப்படியே, உப்பைத்தான் அளக்கும். ஈ.கோலை நீந்துகிற தண்ணீரிலும் அது அழகான குறைந்த எண்ணைக் காட்டும்.

ஆர்.ஓ. உப்பை நீக்கப் பிறந்த கருவி. ராமநாதபுரத்துக்கு அது தேவைப்படலாம். தேக்கடிக் காட்டிலிருந்து இறங்கி வரும் பெரியாற்று நீரின் குறை உப்பல்ல. உப்பு குறைந்த மலைநீர் அது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் தெருக்களில் கதை வேறாக இருக்கலாம். ஆற்று நீர் வரும் குழாய்க்கு ஆர்.ஓ. போடுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுகிற வேலை. உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இந்தக் கருவிகளைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே சொல்லியிருக்கிறது. தண்ணீர் வீணாவதும், உடலுக்கு வேண்டிய தாதுக்கள் போய்விடுவதும் அதற்குச் சொன்ன காரணங்கள். கிருமிக்குக் குளோரினும் கொதிக்க வைப்பதும் போதும். தளதளவென்று கொதி வந்தாலே சரி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கான கேஸ் செலவு ஒரு கூலிக்காரர் வீட்டுக்குச் சின்னச் செலவல்ல என்பது உண்மைதான். வீட்டு வரியோடு குடிநீர்க் கட்டணமும் கட்டிவிட்டு அதற்கு மேல் கேனுக்கும் கேஸுக்கும் கொடுக்கிற பணம் எந்தப் பட்ஜெட்டிலும் எழுதப்படாத இரண்டாவது வரி.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். ஜூனில் கேரளத்துப் பருவமழையும் ஐப்பசியில் நம் பக்கத்து மழையும் ஆற்றைச் செந்நீராக்கும். உடனே நகராட்சி ஆட்டோவில் மைக் வைத்து, குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும். கலங்கல் என்பது வெறும் அழகுக் குறையல்ல; மண்துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் தொடுவதில்லை. அந்தக் காலத்தில் தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். கிருமியை ஒழிக்க அது மட்டும் போதாது, ஆனால் முதலில் தெளிய வை, பிறகு மருந்து போடு என்கிற வரிசையை அது சரியாகப் பிடித்திருந்தது. ஆற்றங்கரை உறைகிணறுகள் செய்வதும் இதே வேலைதான்: மணல் வழியாகக் கசிந்து வரும் நீர் பாதி தெளிந்தே கிணற்றுக்குள் வருகிறது. மணலை அள்ளியவர்கள் வெறும் மணலை மட்டும் அள்ளவில்லை, ஊரின் வடிகட்டியையும் சேர்த்தே அள்ளினார்கள்.

குளோரின் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் பந்தலாக மருந்து அடிக்கிறார்கள். நெல்லுக்கும் வாழைக்கும் தனி. பூச்சிமருந்தை நீக்கக் குளோரினை நம்ப முடியாது. அது இருக்கிறதா என்று அறிய ஆய்வகச் சோதனை வேண்டும், அதுவும் மருந்தடிக்கும் பருவம் பார்த்து. அந்த முடிவுகளும் ஊருக்குத் தெரிய வேண்டியவையே.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. இந்தியாவிலேயே முதலாவது என்று பெயர் வாங்கிய 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிக்கத்தக்க தண்ணீரைப் போதிய அளவு கொடுப்பதை உள்ளாட்சியின் கடமையாக வைத்தது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, கையடக்கச் சோதனைப் பெட்டியால் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். சோதனை நடக்கிறதா என்பதைவிட, முடிவு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ரெஜிஸ்டருக்குள்ளும் கணினிக்குள்ளும் போகிறது. தெருவுக்கு வருவதில்லை.

வர வைப்பது கடினமா? மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் தொட்டித் தூணிலேயே பெயின்டில் எழுதியிருப்பதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். அந்த இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவது வரி ஒன்று வேண்டும்: இந்தத் தொட்டியின் கடைசிக் குழாயில் இன்று காலை இருந்த குளோரின் அளவு. பெயின்ட் கூட வேண்டாம், ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும். அணை மட்டத்தைத் தினமும் அச்சிடுகிற பத்திரிகைகள் பக்கத்திலேயே வார்டு வாரியாக இதையும் போடட்டும். பொய் எழுதிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். எழுதலாம். அதனால்தான் அளக்கும் கை நகராட்சியின் கையாக மட்டும் இருக்கக் கூடாது. பள்ளியின் வேதியியல் ஆய்வகம், சுய உதவிக் குழு, மருந்துக்கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் அளந்து மறுக்க முடிந்தால், பொய் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

கிருமிக்கும் எளிய சோதனை உண்டு. 1982இல் குவாலியரின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் ஒரு புட்டியைச் சொன்னார்கள்: உள்ளே மருந்தில் ஊறிய தாள், தண்ணீரை ஊற்றி ஒரு நாள், ஒன்றரை நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் தண்ணீர் கருப்பாகிவிடும். எழுத்துத் தெரியாதவரும் படித்துவிடக்கூடிய முடிவு. இந்தியக் கண்டுபிடிப்பு, பல நாடுகளில் புழங்குகிறது. சொந்தத் தெருவில் அதைக் கண்டவர்கள் குறைவு.

இதெல்லாம் சின்ன ஊருக்கு ஆகாது என்பவர்களுக்குப் புரியைக் காட்டலாம். சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிற, ஜெகந்நாதரைப் பார்க்கக் கோடிக்கணக்கானவர்கள் வந்துபோகிற அந்த ஒடிசா ஊரில் 2021 ஜூலையில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். முதல் வேலை, தண்ணீரை 24 மணி நேரமும் அழுத்தத்தோடு வைத்தது. இரண்டாவது, 'ஜலசாதி' என்று சுய உதவிக் குழுப் பெண்களை நியமித்தது. மீட்டர் பார்ப்பதும் கட்டணம் வசூலிப்பதும் அவர்களே. வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டுக்காரர் கண்ணெதிரே தண்ணீரைச் சோதிப்பதும் அவர்களே. பணம் கேட்டு வருகிறவரே தரத்தையும் காட்ட வேண்டும் என்கிற ஏற்பாடு நம் ஊர்களுக்கும் பொருந்தும். வசூலும் கூடும்.

குழாயைச் சரிசெய்தாலும் ஆறு மிச்சம் இருக்கிறது. தேக்கடித் தலைமதகிலிருந்து வரும் நீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அல்லது இரைச்சல்பாலம் வழியாக விழுந்து, பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அதுவரை அது பெரும்பாலும் புலிகள் காப்பகத்து நீர். பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி. ஒவ்வோர் ஊரும் மேலே இருந்து குடிநீர் எடுத்துக்கொண்டு கீழே சாக்கடையை விடுகிறது. கம்பத்தின் நடுவே ஓடும் சேனை ஓடை இன்று எதைச் சுமக்கிறது என்பதற்கு மூக்கே சாட்சி. கூடலூரின் கழிவு கம்பத்தின் கவலை, கம்பத்தின் கழிவு உத்தமபாளையத்தின் கவலை. ஆனால் எந்த நகராட்சிக் கூட்டத்திலும் கீழூர்க்காரருக்கு ஓட்டு இல்லை. பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் ஊர் ஊராகத் தனித்தனியே கேட்டு வாங்குகிற சமாச்சாரமாக இருக்கும்வரை, மேலூருக்கு அதில் அவசரம் பிறக்கப்போவதில்லை. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே திட்டமாக, தலையிலிருந்து தொடங்கிச் செய்ய வேண்டிய வேலை அது.

கீழே வரவர ஆறு கெடுகிறது என்பது மதுரைக்காரர்களுக்குப் புரிந்திருக்கிறது. 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட 1,295 கோடி ரூபாய்த் திட்டம், லோயர்கேம்ப்பிலேயே நீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டரை மதுரைக்கு அனுப்புவது. ஆறு தானாகவே வைகை அணைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நீரை ஏன் இத்தனை கோடி கொட்டிக் குழாயில் கொண்டுபோக வேண்டும்? வழியில் வற்றுவது ஒரு காரணம். வழியில் சேர்வது இன்னொரு காரணம் என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. பள்ளத்தாக்கு விவசாயிகள் இதை எதிர்த்தார்கள். வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் பயம் 14,707 ஏக்கர் இருபோக நெல்லைப் பற்றியது. மதுரையின் ஆசையிலும் தப்பில்லை. சுத்தமான தண்ணீரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இரு தரப்பும் அடி, கன அடி, ஏக்கர் என்று அளவிலேயே நின்றார்கள்.

தரத்தின் கணக்கைப் போட்டால் இப்படி வருகிறது. நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் என்பது விநாடிக்குச் சுமார் 51 கன அடி. கோடையில் பாசனம் நின்று, அணையிலிருந்து குடிநீருக்கென்று 100 கன அடி மட்டும் திறக்கும் காலம் உண்டு. அதே 100 கன அடி திறந்து, தலையிலேயே பாதியை எடுத்துவிட்டால், கூடலூருக்குக் கீழே ஆற்றில் ஓடுவது 50க்கும் குறைவு. சாக்கடையின் அளவு குறையாது. அதை நீர்த்துப்போகச் செய்யும் நல்ல தண்ணீர்தான் பாதியாகும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானவர்கள் இதே ஆற்றில் முங்கி எழுகிறார்கள். ஆகவே மதுரைக்கு எடுக்கும் நாட்களில் எடுப்பதற்கு ஈடாகக் கூடுதல் நீர் திறக்கப்படும், நீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே எந்த நாளும் இத்தனை கன அடிக்குக் குறையாது என்று நீர்வளத் துறையின் திறப்பு உத்தரவிலேயே எழுதி வாங்க வேண்டும். கூடலூர், கம்பம், சின்னமனூர் நகராட்சி மன்றங்கள் மூன்றும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். அடுத்த கோடைக்குள் அது நடந்தாக வேண்டும்.